ஆக்கப்படாத ஆட்டங்கள்: மலையக வாழ்வும் கணினி விளையாட்டுக் கற்பனையும்

1

ஒரு சமுதாயம் எவற்றை ஆக்கியிருக்கிறது என்பதைக் கொண்டு மாத்திரமன்றி, எவற்றை ஆக்க விரும்பியும் ஆக்க இயலாது நிற்கிறது என்பதைக் கொண்டும் அதன் பண்பாட்டு நிலையை நாம் மதிப்பிடலாம். எழுதப்படாத நாவலும் மேடையேறாத நாடகமும் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. ஆயினும் 'இப்படி ஒன்று இல்லையே' என்ற ஏக்கம், உள்ளவற்றின் மீது செய்யப்படும் விமர்சனமேயாகும். கணினி விளையாட்டுகளை ஆடுவோரிடையே இவ்வேக்கம் ஏறக்குறையத் தனியொரு கற்பனை வடிவமாகவே வளர்ந்துள்ளது. 'யாராவது இப்படியோர் ஆட்டத்தை ஆக்கமாட்டார்களா?' என்ற கேள்வியுடன் தொடங்கி, அவ்வாட்டத்தின் களம், பாத்திரங்கள், விதிகள், முடிவு ஆகியவற்றை அவர்கள் விரித்துரைக்கின்றனர். எமது திறனாய்வாளர் இதனைப் பொருட்படுத்தியதில்லை. கணினி விளையாட்டையே பொழுதுபோக்கு என்றும் சந்தைச் சரக்கு என்றும் ஒதுக்கிவைத்த நாம், அதுபற்றிய கனவைப் பொருட்படுத்தாதது வியப்பன்று.

ஆனால் இன்று கினிகத்தேனையிலும் அட்டனிலும் தலவாக்கலையிலும் வளரும் பிள்ளைகளின் கையில் நாவல் இருப்பதைக் காட்டிலும் கைத்தொலைபேசி இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அக்கைத்தொலைபேசியில் அவர்கள் ஆடுவது பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற சுடும் ஆட்டங்களையே. அவற்றின் களம் எங்கோ உள்ள ஒரு தீவு. ஆடுபவர் எவரது மகனும் எவரது மகளும் அல்லர். இறுதிவரை உயிருடன் எஞ்சியிருப்பதே நோக்கம். இவற்றை ஆடும் மலையக இளைஞர் ஒருவர் தமது ஊரையும் தமது மக்களையும் களமாகக் கொண்ட ஆட்டமொன்றை விரும்புவாராயின், அவ்விருப்பம் எத்தகைய வடிவம் பெறும்? அது எத்தகைய வடிவம் பெறவேண்டும்? இவ்விரு வினாக்களையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக மலையேறும் வீதியில், கித்துல்கலையைக் கடந்து மேலே வரும்போது நாம் கினிகத்தேனையை அடைகிறோம். தீப்பற்றிய சேனை என்று பொருள்படும் சிங்களப் பெயர் அது. சிங்களக் கிராமங்களும் தேயிலைத் தோட்டங்களும் இங்கு அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தென்மேல் பருவமழை மிகுதியாகப் பொழியும் பகுதியும் இதுவே. மலையகத்தின் மேற்கு வாயில் என இதனைக் கூறலாம்.

இவ்வாயிலுக்குக் கீழேயுள்ள கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டப்பட்டுத் திரைப்படம் ஒன்று எடுக்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' அது. இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியப் படையினர் சயாம்-பர்மா ரயில் பாதையை அமைத்த வரலாற்றைப் பின்னணியாகக் கொண்டது. அப்பாதையை அமைக்கையில் மடிந்த ஆசியத் தொழிலாளரின் தொகை, மடிந்த போர்க் கைதிகளின் தொகையைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதும், அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர் என்பதும் வரலாற்று உண்மைகள். அத்தமிழ்த் தொழிலாளருக்கு அப்படத்தில் இடம் இல்லை என்றே சொல்ல வேண்டும். பிரித்தானிய அதிகாரி ஒருவரின் தன்மானமே படத்தின் பொருள். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைகளின் அடிவாரத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மடிந்த வரலாறு படமாக்கப்பட்டபோது, தமிழ்த் தோட்டத் தொழிலாளரே அதில் காணாமற்போயினர்.

இதனை நாம் இங்கு எடுத்துரைப்பது ஒரு திரைப்படத்தைக் குறைகூறுவதற்காக அன்று. மலையகம் பிறரது கற்பனையில் எப்போதும் பின்னணியாகவே வந்திருக்கிறது என்பதைச் சுட்டுவதற்காகவே. சுற்றுலாச் சுவரொட்டியில் அது பச்சைக் கம்பளம். தேயிலைப் பெட்டியில் கூடை சுமந்து சிரிக்கும் பெண். பின்னணியாக்கப்பட்ட மக்களுக்கு, தம்மை முன்னணியில் காணவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. கோகிலம் சுப்பையா, சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் எழுத்துகள் அவ்வாசையை இலக்கியத்தில் நிறைவேற்றின. கணினி விளையாட்டில் அது இன்னும் நிறைவேறவில்லை.

3

இவ்விடத்தில் முக்கியமானதொரு வேறுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும். நாவல் சொல்கிறது, நாடகம் காட்டுகிறது, ஆட்டமோ செய்யவைக்கிறது. ஆகவே ஆட்டத்தின் கருத்து அதன் கதையில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை. எதைச் செய்ய விதி இடமளிக்கிறது, எதைச் செய்யத் தடுக்கிறது, எதற்குப் புள்ளி வழங்குகிறது என்பவற்றிலேயே அதன் கருத்துநிலை உறைந்துள்ளது. உடையை மாற்றுவதால் ஆட்டம் மாறிவிடாது. துப்பாக்கி ஏந்தியவருக்கு வேட்டி உடுத்தி, தீவுக்குப் பதில் தேயிலை மலையை வரைந்து விட்டால் அது மலையக ஆட்டமாகிவிடும் என்று எண்ணுவது, கதாபாத்திரத்துக்கு முனியாண்டி என்று பெயரிட்டுவிட்டால் கதை யதார்த்தமாகிவிடும் என்று எண்ணுவதை ஒத்ததாகும்.

விதியே கருத்து என்பதற்குச் சிறந்த சான்று மொனொப்பொலி எனும் பலகை ஆட்டம். அதன் மூலவடிவத்தை ஆக்கியவர் எலிசபெத் மகீ என்ற அமெரிக்கப் பெண். ஹென்றி ஜோர்ஜின் நிலவரிக் கோட்பாட்டில் பற்றுக்கொண்ட அவர், நிலவுடைமையின் அநீதியை மக்களுக்கு உணர்த்தும்பொருட்டு 'நிலவுடைமையாளர் ஆட்டம்' என்பதை வடிவமைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் இருவகை விதிகளை வகுத்தார். ஒன்றில், ஒருவர் செழிக்க ஏனையோர் நொடிந்துபோவர். மற்றதில், உண்டாகும் செல்வத்தில் எல்லோருக்கும் பங்குண்டு. 1935இல் பார்க்கர் சகோதரர் கம்பனி மொனொப்பொலியை விற்கத் தொடங்கியபோது முதலாவது விதி மாத்திரமே எஞ்சியது. கண்டனமாகப் பிறந்த ஆட்டம் கொண்டாட்டமாக மாறிற்று. பலகையோ காய்களோ அம்மாற்றத்துக்குக் காரணமல்ல. விதிகளில் ஒரு பாதி கைவிடப்பட்டதே காரணம்.

தோட்டப் பயிர்ச்செய்கையைப் பொருளாகக் கொண்ட ஆட்டங்களுக்கும் குறைவில்லை. 2002இல் ஜெர்மனியில் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற 'புவேர்ட்டோ ரிக்கோ' என்னும் பலகை ஆட்டத்தில் ஆடுவோர் கோப்பி, கரும்பு, புகையிலை முதலியவற்றைப் பயிரிட்டுக் கப்பலேற்றுகின்றனர். அத்தோட்டங்களில் வேலைசெய்வதற்காகக் கப்பலில் வந்திறங்குவோர் சிறிய கபில நிற வில்லைகளாகக் குறிக்கப்படுகின்றனர். விதிநூல் அவர்களைக் குடியேறிகள் என்கிறது. அவர்கள் யாரைக் குறிக்கின்றனர் என்பதை வரலாறு அறிந்தோர் எளிதில் உணர்ந்து, அவ்வாட்டத்தைக் கண்டித்தும் உள்ளனர். ஆடுபவர் துரையின் நாற்காலியில் அமர்கிறார், தொழிலாளி வில்லையாகிறார். எம்மவர் காணும் கனவிலும் இந்த நாற்காலி நுழைந்துவிடக்கூடும் என்பதே எமது முதற் கவலை. தேயிலைத் தோட்ட ஆட்டம் என்றதும் நிலம் வாங்குதல், கன்று நடுதல், கொழுந்து பறிப்பித்தல், ஏலத்தில் விற்றல் என்ற வரிசையே மனத்தில் எழுமாயின், கம்பனியின் கணக்கேடு எமது கற்பனையையும் ஆட்கொண்டுவிட்டது என்பதே பொருள்.

4

தொழிலாளியின் இடத்தில் ஆடுபவரை நிறுத்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதுவும் அவ்வளவு எளிதன்று. ஏனெனில் தேயிலைத் தோட்டம் ஏற்கெனவே புள்ளிகளால் இயங்கும் ஓர் ஆட்டமாக இருக்கிறது.

விடியற்காலையில் பிரட்டு. கங்காணி மலையைப் பிரித்துக் கொடுக்கிறார். கொழுந்து பகலில் பலமுறை நிறுக்கப்படுகிறது. இத்தனை கிலோ எடுத்தால் ஒரு 'பேர்'. அவ்வளவு எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. அதற்கு மேல் எடுத்தால் மேலதிகக் கிலோவுக்குச் சிறு தொகை. கூடை, சாக்கு, மழையீரம் என்னும் பெயர்களில் நிறையில் கழிவு. ஒருவரது நாளுழைப்பு முழுவதும் அவரது பெயராகவே குறிக்கப்படுவதும், அளவு குறைந்தால் அவரே பாதியாக்கப்படுவதும் தோட்டத்துத் தமிழ் எமக்குத் தரும் கொடிய உருவகம். என். எஸ். எம். இராமையா தமது சிறுகதைத் தொகுதிக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயரிட்டதில் ஆழ்ந்த பொருளுண்டு. மலையக வாழ்வின் அளவுகோல் எதுவென்பதை அத்தலைப்பே உணர்த்திவிடுகிறது.

இத்தகைய உலகை அப்படியே ஆட்டமாக்கி, கூடுதலாகக் கொழுந்து பறிப்பவருக்குக் கூடுதலான புள்ளி என்று விதித்தால், அவ்வாட்டம் தோட்ட நிருவாகத்தின் பணியையே செய்யும். விரைவாகப் பறிக்கும் விரலின் திறமையில் ஆடுபவர் மகிழ்வார். அத்திறமை யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி எழாது. ஆகவே மலையகத்துக்கான ஆட்டம், புள்ளி வழங்கும் முறையையே கேள்விக்குள்ளாக்க வேண்டும். தராசு யாருடையது? கழிவை நிர்ணயிப்பவர் யார்? ஒருத்தி அளவை மீறிப் பறித்தால் நாளை எல்லோருக்கும் அளவு உயர்த்தப்படுமா? அயலில் நிற்கும் கருவுற்ற பெண்ணின் கூடையில் தனது கொழுந்தில் ஒருபிடி போடுவதற்கு விதி இடமளிக்கிறதா? இறுதி வினாவே இவற்றுள் தலையாயது. தனியொருவரின் வெற்றியை மாத்திரம் அளக்கும் விதியினுள் ஒற்றுமைக்கு இடமில்லை. வேலைநிறுத்தத்தை ஓர் ஆட்டத்தில் நிகழ்த்திக்காட்ட வேண்டுமாயின், எதையும் செய்யாதிருப்பதும் ஒரு செயல் என்பதை அதன் விதி அங்கீகரிக்க வேண்டும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்ட போராட்டத்தின் வலிமை, பலர் ஒரே வேளையில் கையைக் கட்டிக்கொண்டதில் இருந்தது. அத்தகைய செயலுக்குப் புள்ளியிடத் தெரிந்த ஆட்டங்கள் மிகச் சில.

5

விதியைத் திருப்பிப்போடுவதால் வரலாற்றையும் திருப்பிக் காணலாம் என்பதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டொன்று உண்டு. 1971இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சி மாணவர் மூவர், வரலாற்றுப் பாடத்துக்காக 'ஒரிகன் தடம்' என்னும் கணினி ஆட்டத்தை ஆக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற குடியேறிகளின் பயணம் அதன் பொருள். உணவு, மருந்து, வேட்டை, நோய், சாவு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பயணம் செய்ய வேண்டும். பல தலைமுறை மாணவர் அதனை ஆடினர். ஆனால் அக்குடியேறிகள் யாருடைய நிலத்தை நோக்கிச் சென்றனர் என்பது அதில் ஒரு பிரச்சினையாகவே எழவில்லை. 2019இல் எலிசபெத் லபென்சே என்னும் பூர்வகுடிப் படைப்பாளி, பூர்வகுடி எழுத்தாளர் பலரின் துணையுடனும் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடனும் 'ஆறுகளே தடங்களாய் இருந்தபோது' என்ற பொருள்படும் ஆட்டமொன்றை வெளியிட்டார். 1890களில் தமது நிலத்திலிருந்து விரட்டப்பட்ட அனிஷினாபே இனத்தவரின் இடத்தில் அது ஆடுபவரை நிறுத்துகிறது. இரண்டும் பயண ஆட்டங்களே. ஆயினும் பயணம் செய்பவர் மாறியதும் பாதையின் பொருளே மாறிவிடுகிறது.

எமக்கும் அத்தகைய பாதையொன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடாக மாத்தளைக்கு நடந்த பாதை அது. கொள்ளைநோயும் பசியும் தாகமும் எத்தனை பேரை அப்பாதையில் வீழ்த்தின என்பதற்கு நடுகற்கள்கூட இல்லை. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அதில் நடந்தோர் முன்னோரின் பாதையைத் தம் கால்களால் மீண்டும் நிகழ்த்தினர். கணினித் திரை இல்லை என்பதைத் தவிர, நாம் விரும்பும் ஆட்டத்துக்குரிய இலக்கணம் பெரும்பாலும் அதில் இருந்தது. பிறரது அனுபவத்துக்குள் தம் உடலை நுழைத்துப் பார்த்தல் என்பதே அவ்விலக்கணம்.

இப்பாதையை ஆட்டமாக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஒரிகன் தடம்' பயணத்தின் முடிவில் நிலத்தைப் பரிசாகத் தருகிறது. மாத்தளைப் பாதையின் முடிவில் லயத்துக் காம்பராவும், வழிச்செலவுக்காகக் கங்காணியிடம் பட்ட கடனுமே காத்திருந்தன. 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை அக்கடனோடு சேர்த்து ஆளும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார். இலக்கை அடைவதே வெற்றி என்னும் பழகிய விதி இங்கு உடைந்துபோக வேண்டும். சென்றடைந்த பின்னரே உண்மையான ஆட்டம் தொடங்குகிறது.

6

மற்றுமொரு கனவையும் ஆராய்வோம். 2013இல் லூக்காஸ் போப் என்பவர் ஆக்கிய 'தயவுசெய்து பத்திரங்கள்' என்ற பொருள்படும் ஆட்டத்தில், கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடி அதிகாரியாக நாம் அமர்கிறோம். வருவோரின் கடவுச்சீட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் ஒப்பிட்டு, அனுமதித்தோ மறுத்தோ முத்திரையிட வேண்டும். பிழைவிட்டால் சம்பளம் குறையும். வீட்டில் குடும்பம் பசியாலும் குளிராலும் வருந்தும். எளியவர் ஒருவரை அதிகாரம் எவ்வாறு கொடுமைக்கு உடந்தையாக்குகிறது என்பதைச் சொற்பொழிவின்றி விதிகளாலேயே அவ்வாட்டம் உணர்த்துகிறது.

மலையக மக்களைப் பொறுத்தவரை இது கற்பனை நாட்டின் கதை அன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போர், திருமணமானவராயின் ஏழு ஆண்டும் மற்றையோராயின் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று பங்கிட்டது. 1974இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதரை வில்லைகளாக வைத்து ஆடப்பட்ட ஆட்டத்துக்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆடியவர்கள் இரண்டு அரசாங்கங்கள்.

இதனை ஆட்டமாக்குவதாயின் ஆடுபவர் சாவடியின் எப்பக்கம் இருக்க வேண்டும்? எமது எண்ணத்தில், அவர் விண்ணப்பதாரராக வரிசையில் நிற்க வேண்டும். பிறப்புப் பதிவு இல்லை. செக்ரோல் ஏடு தோட்ட அலுவலகத்தில். அலுவலகத் திறப்பு வேறொருவர் கையில். ஒருநாள் அலைந்தால் ஒரு பேர் போகும். அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமையும் தங்கைக்கு இந்தியக் கடவுச்சீட்டும் கிடைத்தால் குடும்பம் என்ன செய்யும்? சரியான விடை எதுவுமே இல்லாத நிலையை ஆடுபவர் உணர வேண்டும். அவ்வாறு உணரும்போதே, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கப்படும்வரை நீடித்த அரை நூற்றாண்டின் கனம் விளங்கும்.

7

தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட கணினி ஆட்டம் உலகளாவிய மதிப்பைப் பெறமுடியும் என்பது இன்று வெறுங்கனவு அன்று. கனடாவில் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 யூலையில் 'வெண்பா'வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதியரையும் அவர்களது மகனையும் பற்றியது அது. தாய் கொணர்ந்த சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த குறிப்புகளை ஊகித்து இட்டலியையும் புட்டையும் சமைப்பதே ஆட்டம். 2024இல் அது சுயாதீன விளையாட்டு விழாவின் முதற் பரிசையும் பிரித்தானியத் திரைக் கழகத்தின் அறிமுகப் படைப்புக்கான விருதையும் பெற்றது.

அதன் வெற்றியின் காரணத்தைச் சரியாக இனங்காண வேண்டும். சேலையும் இட்டலியும் அதற்குக் காரணமல்ல. சிதைந்த ஏட்டை நிரப்புதல் என்னும் விதியே, புலம்பெயர்ந்தோரின் மொழியிழப்பு என்னும் பொருளாகவும் அமைந்திருப்பதே காரணம். மகன் தனது அரைகுறைத் தமிழைக் கொண்டு தாயின் ஏட்டை வாசிக்க முயலும்போது, அவனது தடுமாற்றத்தை ஆடுபவரும் தமது விரலால் அனுபவிக்கிறார். விதியும் பொருளும் இவ்வாறு ஒன்றுபடுவதே இக்கலையில் உருவ உள்ளடக்க ஒருமையாகும். 'வெண்பா'வின் எல்லையையும் கூறவேண்டும். அது ஒரு குடும்பத்தின் அகவாழ்வுக்குள் நிற்கிறது. உற்பத்தி உறவுகள் சன்னலுக்கு வெளியே உள்ளன. மலையகத்தின் கதையை அவ்வாறு வீட்டுக்குள் அடக்கிவிட முடியாது. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். வாசலுக்கு அப்பால் தோட்டம்.

இங்குதான் எமது மரபு எமக்கு உதவக்கூடும். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை எண்ணிப் பார்ப்போம். காமன் கம்பம் ஊன்றப்பட்டதிலிருந்து தகனம்வரை அது பல நாள் நீள்வது. மேடை என்று ஓரிடம் இல்லாமல் தோட்டமே களமாவது. இரதியும் மன்மதனுமாக வேடமிடுவோர் நேற்றுவரை அயலில் கவ்வாத்து வெட்டியவர்கள். தப்பொலியை அறியாதார் அங்கு எவருமில்லை. அதனால் பார்வையாளருக்கும் பங்காளருக்கும் இடையே கோடு மங்கிவிடுகிறது. அங்கு வெல்பவர் தோற்பவர் என்ற கணக்கு இல்லை. எரிந்தவனுக்காக ஒரு தோட்டமே சேர்ந்து புலம்புகிறது. தனியொருவர் புள்ளி சேர்ப்பதல்லாத வேறோர் ஆட்ட இலக்கணம் எமது மக்களிடம் ஏற்கெனவே உண்டு என்பதற்கு இதுவே ஆதாரம்.

ஆயினும் மரபைக் கண்மூடிப் போற்றுவது முற்போக்காளரின் பணியாகாது. காமன் கூத்தில் இரதியாக ஆடுவதும் மரபுப்படி ஆணே. சாதி வழிப்பட்ட பணிப் பங்கீடுகளும் அக்கலையில் படிந்துள்ளன. தோட்டத் தொழிலின் பெரும்பாரத்தைச் சுமக்கும் பெண், தோட்டத்துக் கூத்தில் பார்வையாளராகவே நிற்க நேர்ந்தது. புதிய ஆட்டம் மரபின் கூட்டுத்தன்மையைக் கொள்ளவேண்டும். அதன் விலக்கல்களைத் தள்ளவேண்டும்.

8

மேலும் இரண்டு கருத்துகளை வற்புறுத்த வேண்டும். முதலாவது, தற்செயல் பற்றியது. ஆட்டங்களில் பேரிடர் என்பது தாயக்கட்டை உருள்வதைப் போன்றது. யாருக்கும் எப்போதும் நேரலாம். மலையகத்தில் மண்சரிவு அத்தகையதன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்டவர்களுக்குச் செல்ல வேறு நிலம் இல்லை. மழை பெய்வது இயற்கை; யார் வீடு சரிவின் அடியில் இருக்கிறது என்பது இயற்கையன்று. மண்சரிவைத் தற்செயலாகக் காட்டும் ஆட்டம், எவ்வளவு கண்ணீரை வரவழைப்பினும் பொய்யுரைப்பதாகவே இருக்கும்.

இரண்டாவது, பகைவர் பற்றியது. பழகிய ஆட்டங்களில் சுடுவதற்கு ஒருவர் வேண்டும். கினிகத்தேனை போன்ற ஊரில் இளைஞரின் கோபம், அடுத்த குன்றில் வாழும் சிங்களக் கிராமத்தவரைப் பகைவராக வரைந்துவிட வாய்ப்புண்டு. அதுபோலவே அக்கிராமத்து இளைஞரின் கனவில் தோட்டத் தமிழர் வந்தேறிகளாகத் தோன்றலாம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் கண்டி விவசாயிகளின் சேனைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அரசின் சொத்தாகக் கருத வழிசெய்தது. அந்நிலத்தில் எழுந்த தோட்டத்தில் உழைக்கவே தமிழர் கொண்டுவரப்பட்டனர். ஒருவர் நிலத்தை இழந்தார். மற்றவர் நிலமின்றியே உழைத்தார். 1977 மே 11இல் தோட்டக் காணி பிரிக்கப்படுவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானமை, இம்முரண்பாடு எவ்வாறு ஏழைகளுக்கிடையிலான மோதலாகத் திருப்பப்பட்டது என்பதைக் காட்டும். ஆகவே நாம் வேண்டும் ஆட்டம் இரண்டு இடங்களிலிருந்தும் ஆடப்படக்கூடியதாய் இருக்க வேண்டும். லயத்திலிருந்து ஒருமுறை, கிராமத்திலிருந்து ஒருமுறை. இரண்டு முறையும் ஆடிய பின்னரே அத்தோட்டத்தின் வரலாறு முழுமையாகத் தெரியவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அது பேசவேண்டும்; அதிலும் மலையகத் தமிழாகவே அத்தமிழ் ஒலிக்க வேண்டும்.

9

துன்பத்தை விளையாட்டாக்கலாமா என்ற தடை எழக்கூடும். துன்பத்தைக் கூத்தாகவும் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் ஆக்கிய மக்களிடம் இத்தடை செல்லாது. ஆட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் கேளிக்கை என்ற ஒரு பொருள் மாத்திரமன்று உள்ளது, சாமியாட்டமும் ஆட்டமே. கேட்கவேண்டியது ஆட்டமாக்கலாமா என்பதன்று, யார் ஆக்குகிறார், யாரை எங்கு நிறுத்தி ஆக்குகிறார் என்பதே. பெருமுதல் வேண்டுமே என்பது மற்றைய தடை. 'ஒரிகன் தடம்' மூன்று மாணவரின் ஆக்கம்; 'தயவுசெய்து பத்திரங்கள்' பெரும்பாலும் தனியொருவரின் உழைப்பு; 'வெண்பா' சிறு குழுவினரின் படைப்பு. நல்ல விதியைச் சிந்திப்பதற்கு மூலதனத்தைவிட வாழ்வறிவே முதன்மையாக வேண்டும். அவ்வறிவு லயங்களில் நிறைந்து கிடக்கிறது.

ஆகவே கனவைக் கனவாகவே விட்டுவிடாது, செய்யக்கூடியவற்றைத் தொடங்குதல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் கணினித் துறைகளும் இவ்விடயத்தில் ஒரே மேசையில் அமரவேண்டும். பிரட்டு, பேர், கழிவு, கொந்தரப்பு ஆகியன நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தொழிலாளரிடமே கேட்டு விதிகளாக எழுதவேண்டும். கணினிக்கு முன்னர் காகித அட்டையும் புளியங்கொட்டையும் போதும். அவ்வட்டை ஆட்டத்தைத் தோட்டத்து வாசிகசாலையில் விரித்து, அங்குள்ள பெண்களும் இளைஞரும் ஆடிப்பார்த்து, 'இந்த விதி பிழை, எங்கள் தோட்டத்தில் இப்படி நடப்பதில்லை' என்று திருத்த இடமளிக்க வேண்டும். அத்திருத்தங்களைப் பதிவுசெய்வதே ஆய்வின் முதற்படியாகும்.